‘கடக்’ சத்தத்தைக் கண்டுபிடிக்காமல் இருக்கச் சில எளிய வழிகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி வைத்திருக்கும் முதலாளிகளே! உங்கள் வண்டியின் முன்பக்கம் எங்கேயோ ‘கடக்’ என்கிறது. ஒரு நாள் வருகிறது, நாலு நாள் காணாமல் போகிறது. மெக்கானிக்கைப் பார்த்தால் அடங்கிவிடுகிறது. ஒரு ஜாக்கி, ஒரு கடப்பாரை, ஒரு டார்ச், கீழே படுக்க ஒரு சாக்கு இருந்தால் ஒரே காலையில் பிடித்துவிடலாம் என்று சிலர் கிளப்பிவிடுவார்கள். நம்பாதீர்கள். கீழ்க்கண்டபடி நடந்தால் இந்தச் சத்தத்தை அடுத்த எஃப்.சி. (தகுதிச் சான்று) வரைக்கும் நோய்நொடி இல்லாமல் வளர்க்கலாம். பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியைச் சொல்லித்தர வேண்டியது என் கடமை.

1. டிரைவரைப் பேசவிடாதீர்கள்.

மிகவும் ஆபத்தானவர் அவர்தான். நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர். “முதலாளி, காலி வண்டில வரப்போ சின்னப் பள்ளத்துல எறங்குனா இடது பக்கம் கடக்குங்குதுங்க. பிரேக் மிதிச்சா ஒரு தடவ கேக்குது. லோடு ஏத்திட்டா சத்தமே இல்லீங்க” என்பார். இதை முழுதாகக் கேட்டுவிட்டீர்களானால் பாதி வேலை முடிந்தது. லோடு ஏறியதும் ஸ்பிரிங் பட்டை அமுங்கி, தேய்ந்த புஷ்ஷில் இருக்கும் இடைவெளி ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். காலியாக வரும்போதோ அந்த இடைவெளியில் ஷேக்கிள் பின் மேலும் கீழும் அடிக்கும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஒரே ஒரு ‘கடக்’ என்றால், ஆக்ஸில் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலே சத்தம் என்றால் கிங் பின், டை ராட் எண்ட் பக்கம் போக வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது என்றால் ஸ்டேபிலைசர் பார் லிங்க், ஷாக் அப்சார்பர் புஷ்.

ஆகவே முதல் வாக்கியத்திலேயே வெட்டுங்கள். “நீ அடிச்சு ஓட்டறப்பா, அதான்.” உடனே டீசல் கணக்குக்குப் போய்விடுங்கள். எந்த டிரைவரும் டீசல் கணக்குக்கு அப்புறம் புஷ்ஷைப் பற்றிப் பேசியதாகச் சரித்திரம் இல்லை.

2. மெக்கானிக்குக் காட்டும் நேரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

காலி வண்டியில்தான் சத்தம் வருமா? முழு லோடோடு கொண்டுபோங்கள். மெதுவாகப் போனால்தான் வருமா? பைபாஸில் ஏற்றி, பலகை போட்ட மாதிரி ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டிக் காட்டுங்கள். “இப்ப வரல பாருங்க” என்று நீங்களே சொல்லுங்கள். அவரும் நிம்மதியாக ஒரு டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவார். டீக்காசு மட்டும் உங்களுடையது.

3. ரோட்டைத் திட்டுங்கள்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவில் வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கத் தோதாக வகுத்தது. நம் ஊர்களில் ஒரு லோடு ஜல்லி மிச்சமானால் அதுவே வேகத்தடை. எனவே உங்கள் கோபத்தில் நியாயம் நிறைய இருக்கிறது. நியாயமான கோபத்தைப் போல வேலையைத் தள்ளிப்போட உதவும் பொருள் வேறொன்று இல்லை. (அதே தடையில் பக்கத்து வண்டி சத்தமில்லாமல் ஏறி இறங்குகிறதே என்று யாராவது கேட்டால், அது வேறு கம்பெனி வண்டி என்று சொல்லுங்கள்.)

4. கேபினுக்குள் சத்தத்தைக் கூட்டுங்கள்.

பாட்டை உரக்க வைக்கச் சொல்லுங்கள். ஜாக்கி, லிவர், ஸ்பேனர் எல்லாவற்றையும் சீட்டுக்கு அடியில் உருளவிடுங்கள். ஸ்டெப்னி கேரியரின் நட்டையும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். நாலு சத்தம் இருந்தால் ஐந்தாவது சத்தத்துக்கு யாரும் தனியாகக் கவலைப்படுவதில்லை.

5. குனியாதீர்கள்.

குனிந்தால் கண்ணில் படும். யூ போல்ட்டு நட்டின் ஓரத்தில் செம்மண் நிறத்தில் பொடி உதிர்ந்திருக்கும். அது செம்மண் இல்லை. இறுக்கமாக இருக்க வேண்டிய இரண்டு இரும்பு ஒன்றோடொன்று உரசி உதிர்த்த துரு. ஷேக்கிளின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். பட்டைகளுக்கு நடுவில் ஒன்று முறிந்து, மேலும் கீழும் உள்ளவை அதை மறைத்துப் பிடித்திருக்கும். இத்தனையும் ஒரே டார்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிடும் என்பதால் டார்ச்சை வீட்டிலேயே வையுங்கள்.

6. பார்த்தே தீர வேண்டும் என்றால், முதலில் பெயின்ட் அடியுங்கள்.

புது லாரிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி.; அதற்குப் பிறகு வருஷா வருஷம். எஃப்.சி. வந்தால் சேசிஸ் முழுக்கக் கருப்பு பெயின்ட் அடிப்பது நம் வழக்கம். அருமையான வழக்கம். துருப்பொடி, வெடிப்புக் கோடு, நகர்ந்த தடம் எல்லாம் ஒரே மதியத்தில் மறைந்துவிடும். நட்டிலும் தட்டிலும் சேர்த்து ஒரே கோடாகச் சுண்ணாம்போ பெயின்டோ இழுத்துவைத்து, அடுத்த நடை முடிந்ததும் கோடு பிசகியிருக்கிறதா என்று பார்க்கும் வயதான மேஸ்திரி ஒருவர் உங்கள் ஊரில் இருப்பார். அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுக்காதீர்கள்.

7. கிரீஸை மருந்தாக நினையுங்கள்.

டயரைத் தரையில் வைத்தபடியே அடியுங்கள். முன் ஆக்ஸிலைத் தூக்கினால் கிங் பின்னின் அடிப்பக்கம் பாரம் நீங்கி கிரீஸ் உள்ளே போய்விடும். அது நமக்கு வேண்டாம். நிப்பிளில் மண் அடைத்திருந்தால் துடைக்காமல் அதன் மேலேயே கன்னை வைத்து அழுத்துங்கள். கிரீஸ் வெளியே வழியும். வழிந்தால் போதும், நிறைந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு நாள் சத்தம் அடங்கும். அந்த இரண்டு நாளில் எல்லோரிடமும் “சரியாயிருச்சு” என்று சொல்லிவிட வேண்டும்.

8. ஆட்டிப் பார்க்கும் மெக்கானிக்கைத் தடுத்து நிறுத்துங்கள்.

சிலர் கேட்க மாட்டார்கள். பின் டயருக்குக் கட்டை போட்டு, முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார்கள். ஆட்டம் தெரிந்தால் கிளீனரைப் பிரேக் மிதிக்கச் சொல்வார்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங் பின். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டி டை ராட் எண்டைப் பார்ப்பார்கள். வண்டியை இறக்கி, ஒருவரை ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக ஆட்டச் சொல்லி, ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துத் தட்டு எங்கே என்று பார்ப்பார்கள். இதற்கு எந்தப் புதுச் சாமானும் வேண்டாம். சாமான் வாங்காத வேலையில் வேலை நடந்த மாதிரியே இருக்காது. “லோடுக்கு நேரமாச்சு” என்று அவசரப்படுத்துங்கள்.

9. கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் மாற்றுங்கள்.

முதலில் ஷாக் அப்சார்பர், ஏனென்றால் அதுதான் எட்டும் இடத்தில் இருக்கிறது. சத்தம் போகாது. அடுத்து புஷ். அடுத்து கிங் பின் செட். ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், பின்னால் தேவைப்படும். கடைசியாகப் பட்டை செட், அதுவும் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கத்தை அடுத்த டியூ கட்டியதும் பார்த்துக்கொள்ளலாம்.

10. பழைய யூ போல்ட்டையே திரும்பப் போடுங்கள்.

இந்த முறையின் உயிரே இங்கேதான். இத்தனை சாமான் மாற்றியவர், ஏற்கெனவே இழுபட்டு நீண்டுபோன நாலு யூ போல்ட்டில் மட்டும் சிக்கனம் பிடிப்பது நம் மரபு. கையில் கிடைத்த ஸ்பேனரால் முடிந்த மட்டும் இறுக்கச் சொல்லுங்கள். டார்க் ரெஞ்சு எல்லாம் கம்பெனி ஷோரூமுக்கு. புதுப் பட்டை பாரத்தில் படிந்து உட்காரும்போது நட்டு இளகும் என்பதால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் சொல்லி அனுப்புவார். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

11. இப்போது டிரைவரைத் தொப்பூருக்கு அனுப்புங்கள்.

ஆக்ஸிலைப் பட்டையோடு சேர்த்துப் பிடிப்பது யூ போல்ட்டின் இறுக்கம். சென்டர் போல்ட்டு வெறும் இடம் காட்டி. யூ போல்ட்டு தளர்ந்தால் மொத்த விசையும் அந்த ஒற்றைச் சென்டர் போல்ட்டின் மேல் விழும். அது ஒரு நாள் அறுந்தால் அந்தப் பக்கத்து ஆக்ஸில் பின்னுக்கு நகரும், ஸ்டியரிங் ஒரு பக்கமாகப் பிடுங்கும். தருமபுரியிலிருந்து சேலத்துக்கு வரும் வழியில் தொப்பூர் இறக்கம் இருக்கிறது. கீழே வரைக்கும் பிரேக் பிடித்துக்கொண்டேதான் வர வேண்டும். முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு டேங்கர். உங்கள் டிரைவர் அங்கே அந்த ‘கடக்’கைக் கேட்பார். நீங்கள் நாமக்கல்லில் ஆஞ்சநேயருக்கு வடைமாலைக்குச் சொல்லியிருப்பீர்கள். ஆகவே உங்கள் பங்கில் குறை இல்லை.

அவர் உயிரோடு வந்து இறங்கி “இனி இந்த வண்டிய எடுக்க மாட்டேனுங்க” என்றால், திமிர் பிடித்தவன் என்று சங்கத்தில் சொல்லி வையுங்கள். வேறு டிரைவர் கிடைப்பார். அவருக்கு முதல் கட்டளையிலிருந்து தொடங்குங்கள்.

12. வண்டியை விற்றுவிடுங்கள்.

ரசீதுக் கட்டை வெளியே எடுங்கள். “முன்பக்கம் பூராப் புதுசுங்க” என்று தைரியமாகச் சொல்லலாம், ஏறக்குறைய உண்மையும்கூட. வாங்க வந்தவர் பேப்பரைப் புரட்டுவார், டயரை ஒரு தட்டுத் தட்டுவார், விலையில் பத்தாயிரம் குறைப்பார்.

வந்த பணத்தில் அடுத்த வண்டி பார்க்கக் கிளம்புங்கள். அந்த முதலாளியும் ஒரு ரசீதுக் கட்டை நீட்டுவார், சேசிஸ் புதுக் கருப்பு பெயின்டில் மினுமினுக்கும். குனிய வேண்டாம். வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறீர்கள்.