உருகும் நூலும் உருப்படும் பிள்ளையும்

கேள்வி (ஒரு தாயார், இராசிபுரம்): பொறியியல் படிக்கும் என் மகன், ஏதோ போட்டி என்று சொல்லிக்கொண்டு, ஒரு யந்திரம் பிளாஸ்டிக் நூலை உருக்குவதை இரவெல்லாம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். இது படிப்பா, பைத்தியமா?

பதில்: படிப்புத்தான் அம்மா, சிறிதளவு பைத்தியமும் சேராமல் எந்த வித்தையும் யாருக்கும் கைவந்ததில்லை. முறுக்கு அச்சில் மாவைப் பிழிவதுபோல, சுமார் 200 பாகை வெப்பத்தில் உருகிய நூலைச் சிறு துவாரத்தின் வழியே பிழிந்து, படலத்தின்மேல் படலமாக அடுக்கி, கணினியில் வரைந்த வடிவத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் பொருளாக்குவதே அந்த முப்பரிமாண அச்சு யந்திரத்தின் தொழில். ஒரு படலத்தின் கனம் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர், ஆகவே 10 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுப்புக்கு 500 படலங்கள் வேண்டியிருக்க, விடிவதற்குள் அது முடிந்தாலே பாக்கியம். முதல் சில படலங்கள் மேடையில் சரியாக ஒட்டிக்கொண்டனவா என்று பார்த்துவிட்டு அவனைத் தூங்கச் சொல்லுங்கள். காலையில் காப்பி கொடுக்கும்போது, "இந்த உறுப்பு எவ்வளவு பாரம் தாங்கவேண்டும், அதை எப்படிக் கணக்கிட்டாய்?" என்று மட்டும் கேளுங்கள். நடுவர்கள் கேட்கப்போவதும் அதைத்தான்.

கேள்வி (ஒரு மாணவர், சங்ககிரி): பந்தயக் காருக்கு ஓர் உறுப்பை அச்சிட வேண்டுமென்று எங்கள் குழுவினர் பிடிவாதம் செய்கிறார்கள். லேத்தில் கடைந்தால் ஆகாதா?

பதில்: ஆகக்கூடியதை லேத்திலேயே கடையுங்கள், தம்பி, அச்சிட முடிகிறது என்பதற்காகவே அச்சிடுவது பொறியியல் ஆகாது. ஆனால் கோயம்புத்தூர் கரி பந்தயத் திடலில் நடக்கும் 'பார்முலா பாரத்' என்ற மாணவர் கார்ப் போட்டியை எண்ணிப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சின் சுவாசிக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துவாரத்தின் வழியாகத்தான் செல்லவேண்டும் என்பது அங்கே விதி. இவ்வளவு ஒடுங்கிய வாசலில் நுழைந்த காற்று, அழுத்தத்தை அதிகம் இழந்துவிடாமல் மெல்ல விரிந்து, அறையொன்றில் தங்கி, வளைந்த குழல்களின் வழியே ஒவ்வொரு சிலிண்டருக்கும் சமமாகப் பிரியவேண்டுமானால், உட்புறமெல்லாம் நெளிவும் சரிவுமான அந்த வடிவத்தை ஒரே துண்டாகக் கடைய எந்த லேத்தாலும் இயலாது. நைலான் தூளை லேசர் கதிரால் இணைத்து அச்சிடும் முறை அங்கே தன் நியாயமான ஸ்தானத்தைப் பெறுகிறது. அந்தப் போட்டியின் மொத்தம் 1000 மதிப்பெண்களில் வடிவமைப்பை விளக்குவதற்கே 150 உண்டு. செலவுக் கணக்கையும் தனியே சோதிப்பார்கள். வேகமாக ஓடிய கார் மட்டும் வென்றுவிடாது, ஏன் அப்படிக் கட்டினோம் என்று சொல்லத் தெரிந்தவர்களும் வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் போற்றுகிறேன். அந்தத் திடல் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தக் கரிவரதனும், மாருதி 800 எஞ்சினை வைத்து இந்த மண்ணிலேயே பந்தயக் கார்களைக் கட்டிக் காட்டியவர் அல்லவா!

கேள்வி (ஒரு மாணவி, சேலம்): நாங்கள் அச்சிட்ட தாங்கி சோதனையில் இரண்டாகப் பிளந்தது, காருக்குள் வைத்திருந்த இன்னொன்று வளைந்தே போயிற்று. நூல் விற்ற கடைக்காரர்மேல் வழக்குத் தொடரலாமா?

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள், பிளந்தது படலங்கள் சந்திக்கும் கோட்டில்தானா என்று முதலில் பாருங்கள். படலத்திற்குள் இருக்கும் வலிமை படலத்திற்கும் படலத்திற்கும் இடையே இராது. இழுவிசை படலங்களைப் பிரிக்கும் திசையில் வராதபடி, உறுப்பைப் படுக்கவைத்தோ சாய்த்தோ அச்சிடுவது அவசியம். வளைந்ததற்குக் காரணம் நம் ஊர்ச் சித்திரை வெயில். நீங்கள் வாங்கியது பி.எல்.ஏ. நூலாயின், அது 60 பாகைக்கு அருகிலேயே இளகத் தொடங்கிவிடும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த வெப்பம் அதிசயமன்று. பி.எல்.ஏ.யின் மூலப்பொருள் மாவுச்சத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன்: மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கி, அந்த அமிலத்திலிருந்து இந்தப் பிளாஸ்டிக்கை உண்டாக்குகிறார்கள். ஆத்தூர்ப் பக்கத்து வயல்களில் விளைந்து சேகோ ஆலைக்குப் போகும் குச்சிக்கிழங்கிலும் இருப்பது அதே மாவுச்சத்து. அந்தக் கிழங்கிலிருந்து இந்தப் பிளாஸ்டிக்கை உண்டாக்கும் வேலையை உங்கள் வேதியியல் துறைத் தோழிகள் கையிலெடுத்தால், தாங்கி பிளந்ததைக் காட்டிலும் பெரிய பிரயோஜனம் விளையும்.

கேள்வி (லாரி பாடி கட்டும் பட்டறைக்காரர், நாமக்கல்): ராக்கெட் எஞ்சினையே அச்சிடுகிறார்களாமே! எங்கள் பிழைப்பு என்னாகும்?

பதில்: சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தார், ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினைக் கொண்டு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் செலுத்தியது மெய்தான், ஐயா. ஆயினும் உலோகத் தூளை இழை இழையாக உருக்கும் அந்த முறையில் லாரி பாடி ஒன்றை அச்சிடப் புகுந்தால், செலவில் லாரியே பல வாங்கிவிடலாம். உங்கள் வெல்டருக்கு ஆபத்தில்லை. அவர் கையில் வைத்துத் துளையிடும் அளவு அச்சு, கோணம் பிசகாமல் பிடிக்கும் பிடிமானம் ஆகியவற்றை மாணவர்கள் ஓரிரவில் அச்சிட்டுத் தந்துவிடுவார்கள். தேநீர் வாங்கிக்கொடுத்துப் பட்டறையைச் சுற்றிக் காட்டுங்கள். கணினித் திரையில் என்றும் காணாத பாரத்தையும் அதிர்வையும் அவர்கள் அங்கே பிரத்தியட்சமாகக் காண்பார்கள்.

கேள்வி (ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர், திருச்செங்கோடு): எங்கள் மாணவர்களுக்கு இத்தகைய போட்டியை நாங்களே நடத்த விரும்புகிறோம். என்ன தலைப்புக் கொடுக்கலாம்?

பதில்: எதிர்கால நகரம், செவ்வாய்க் கிரகத்து வீடு என்றெல்லாம் கொடுக்காதீர்கள், அவை காட்சிமேசையில் அழகாக நிற்கும், வேறொன்றும் செய்யா. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் ஓடும் பழைய விசைத்தறிகளில், மாற்று உறுப்பு எளிதில் கிடைக்காத சிறு பல்சக்கரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தேய்ந்த அதனையே மேசைமேல் வையுங்கள். அளந்து, வரைந்து, ஏன் தேய்ந்தது என்று ஆராய்ந்து, நைலானில் அச்சிட்டுக் கொண்டுவரட்டும். பேராசிரியர் ஒருவரோடு தறி மேஸ்திரி ஒருவரையும் நடுவராக அமர்த்தி, ஒரு முழு ஷிப்டு தறியில் ஓடவிட்டபின் மதிப்பெண் போடுங்கள். சக்கரம் உடைந்துபோன குழுவினரை வீட்டுக்கு அனுப்பிவிடாமல், உடைந்த துண்டைக் கையில் கொடுத்து, ஒரு வாரம் தவணை அளித்து, மறுபடியும் அழையுங்கள். இரண்டாம் சுற்றுக்கே அதிக மதிப்பெண் வையுங்கள்.