அண்ணன் கட்சியா, தம்பி கட்சியா?

கேள்வி: ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வீடியோ கேம் வரிசையில் மாரோவிண்ட்தான் உசத்தி என்கிறார் அண்ணன். ஸ்கைரிம்தான் என்கிறேன் நான். தீர்ப்பு சொல்லுங்களேன்?

பதில்: ஆழத்தில் அண்ணன், அகலத்தில் நீங்கள்! 2002-ல் வந்த மாரோவிண்டில், போகும் இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. ‘பாலம் தாண்டி வடக்கே போ’ என்று யாராவது சொல்வதை நம்பி நடக்க வேண்டும். வழி தவறித் தவறியே ஊர் முழுக்க அத்துப்படியாகிவிடும். கதைக்கு முக்கியமான ஆளை வெட்டினாலும் ஆட்டம் எச்சரிக்குமே தவிர, தடுக்காது. பலன் உங்கள் தலையில்!

2006-ல் வந்த அடுத்த பாகமான ஆப்ளிவியன், போகும் இடத்தைத் திசைகாட்டியிலேயே குறித்துக் காட்டியது. உரையாடல்களுக்குக் குரல் கொடுத்தது. 2011-ன் ஸ்கைரிம், வீரனா மந்திரவாதியா என்று தொடக்கத்திலேயே கேட்காமல், ஆடஆட நம் ஆளை நாமே செதுக்க விட்டது. கண்ணில் படும் மலையெல்லாம் வா என்று கூப்பிடும்.

ஆனாலும் என் ஓட்டு மாரோவிண்டுக்கே. ஆடுபவரின் புத்தியை அவ்வளவு மதித்த ஆட்டம் அது. அண்ணனிடமே வழி கேட்டு உள்ளே நுழையுங்கள். கேட்டுக் கேட்டுப் போவதுதான் அங்கே முறை!