டாங்க்லெஸ் ஹீட்டர் உறைவியல்: வட டெக்சாஸை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு எல்லை

இவ்வாய்வு டாலஸ் நகரைச் சூழ்ந்த பிளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங் ஆகிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் டாங்க்லெஸ் ஹீட்டர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கால எல்லை 2021 பிப்ரவரி 14 முதல் 20 முடிய. பொருள் எல்லை, வெளிச்சுவரிலோ கராஜிலோ அட்டிக்கிலோ வீட்டுக்குள்ளோ மாட்டப்பட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்த பிறகே கேஸைப் பற்றவைத்துக்கொள்ளும் பெட்டி. டாங்க் உள்ள ஹீட்டர் இதில் சேராது. அது 40, 50 காலன் சுடுதண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு லேசில் உறையாமல் இருப்பதால் முனைவர் பட்டத்துக்கு உதவாது.

ஆய்வின் தேவை

இப்பொருளில் இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை. நம் பல்கலைக்கழகங்கள் இதற்கு மேல் காரணம் கேட்பதில்லை. ஏன் எவரும் செய்யவில்லை என்று கேட்கும் மரபும் நம்மிடம் கிடையாது.

கருதுகோள்

குளிர் அடித்தால் தண்ணீர் உறையும். இக்கருதுகோள் ஆய்வின் முடிவில் உண்மை என நிறுவப்படும். கருதுகோள் பொய்த்துப்போன ஆய்வேட்டை ஏதேனும் ஒரு தமிழ்த்துறை நூலகத்தில் கண்டவர்கள் தெரிவித்தால் அடுத்த பதிப்பில் நன்றியுடன் சேர்க்கப்படும்.

முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன். கேஸை எரித்து ஓடும் தண்ணீரைச் சுடவைக்கும் கருவியை 1868இல் அவர் செய்தார். புகை வெளியேற அதில் வழி வைக்கவில்லை. குளிக்கப் போனவர் திரும்பி வருவாரா என்பதே அன்றைய பெரிய கேள்வியாக இருந்ததால், உறைதல் பற்றி மாகன் ஒன்றும் சொல்லாமல் போனதை நாம் பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்து எராஸ்டோ எம்பெம்பா. தான்சானியப் பள்ளி மாணவரான இவர் 1963இல் ஐஸ்கிரீம் செய்யும்போது, ஆறவைக்காமல் வைத்த சூடான பால் முன்னதாக உறைந்ததைப் பார்த்தார். வகுப்பில் சிரித்தார்கள். 1969இல் டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியருடன் சேர்ந்து அதைக் கட்டுரையாக்கினார். 2016இல் பரிட்ஜ், லிண்டன் என்ற இருவர் அளந்து பார்த்து, அப்படி ஒரு விளைவுக்குச் சரியான சான்றே இல்லை என்று எழுதினர். ஆக, சுடுதண்ணீர் முதலில் உறையுமா பச்சைத்தண்ணீர் முதலில் உறையுமா என்பதில் அறிஞர்களிடையே அரை நூற்றாண்டாகக் கருத்தொற்றுமை இல்லை. எங்கள் தெருவில் இரண்டும் உறைந்தன.

மூன்றாவது முன்னாய்வு பெட்டியுடன் வரும் கையேடு. அதைத் தகவலாளிகள் எவரும் படித்ததில்லை. அதில் உறைதலுக்கென்றே ஒரு பகுதி உண்டு என்பது பிப்ரவரி 17க்குப் பிறகே தெரியவந்தது.

களப்பின்னணி

பிப்ரவரி 15 அதிகாலை ஒன்றரை மணிக்குச் சற்று முன்னால், கடுங்குளிரில் மின்சாரம் போதாமல், மாநிலத்தின் மின்கட்டமைப்பை நடத்தும் எர்காட் அமைப்பு மின்வெட்டுக்கு உத்தரவிட்டது. சுழற்சி முறை என்றார்கள். பல தெருக்களில் அது சுழலவேயில்லை. மாநிலம் முழுவதும் 45 லட்சம் இணைப்புகளுக்கு மேல் இருண்டன. மறுநாள் காலை டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ். 1949க்குப் பிறகு அந்த ஊர் காணாத குளிர்.

இங்கேதான் ஆய்வின் நடுமுடிச்சு இருக்கிறது. டாங்க்லெஸ் பெட்டிக்குள் செப்புக் குழாய்களை ஒட்டிச் சிறுசிறு செராமிக் ஹீட்டர்கள் உண்டு. குளிர் இறங்கினால் தாமாகவே சூடேறி, பெட்டியை உறையாமல் காக்கும். விற்பவர் இதை விரிவாகச் சொல்லுவார். அவை வீட்டு மின்சாரத்தில் ஓடுகின்றன என்பதை விரிவாகச் சொல்ல மாட்டார். கேஸ் வந்துகொண்டிருந்தாலும் மின்சாரம் இல்லாமல் பெட்டி தீ மூட்டாது, செராமிக்கும் சூடேறாது. எந்தக் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டுமோ அந்தக் குளிர்தான் கரண்டையும் கொண்டுபோனது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கோட்பாடும் தேவைப்படவில்லை என்பது ஆய்வாளருக்குப் பெருத்த ஏமாற்றம்.

உறைவின் வகைமை

அ. பச்சைத்தண்ணீர் நுழையும் பைப்பு உறைதல். பெரும்பான்மை இதுவே.

ஆ. சுடுதண்ணீர் வெளிவரும் பைப்பு உறைதல். மேற்படி.

இ. புகை குளிர்ந்து வடியும் தண்ணீருக்கான சிறு பிளாஸ்டிக் குழாய் வெளியே உறைந்து அடைத்துக்கொள்ளுதல். குழாயில் தண்ணீர் வரும், தீ எரியாது, திரையில் ஓர் எண் மின்னும். அந்த எண்ணை அறிவியல் எண் என்று கருதி வாட்ஸாப்பில் பகிர்ந்த வழக்கும் உண்டு.

ஈ. ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது தண்ணீர் சூடேறும் செப்புச் சுருள், உறைதல். இதைப் பற்றிப் பேசவே கூடாது. பேசினால் செலவு.

உ. மோர்மிளகாய் உறைவு. இது இவ்வாய்வாளரின் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதால் தனி இயலாக விரிக்கப்படுகிறது.

மோர்மிளகாய்க் கோட்பாடு

பெட்டி வீட்டுக்குள்ளே, சூடான அறையில் இருந்தும் உறைந்ததாகத் தகவலாளி ஒருவர் தெரிவித்தார் (எதிர்வீட்டு அக்கா, வாய்மொழி). அவர் வீட்டில் மின்சாரம் போகவேயில்லை. இது கருதுகோளுக்கே சவால். ஆழ்ந்து விசாரித்ததில், பிப்ரவரி 14 இரவு அவ்வீட்டில் தயிர்சாதமும் மோர்மிளகாயும் என்பது தெரியவந்தது (அதே அக்கா, திருத்திய கருத்து, கணவர் உடனிருக்கையில்).

மோர்மிளகாய் வறுத்தால் நெடி எழும். நெடி எழுந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். இருமல் நிற்கும்வரை அது நிற்பதில்லை. அமெரிக்கப் புதுவீடுகள் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டப்பட்டவை. உள்ளே இருக்கும் காற்றை ஃபேன் வெளியே தள்ளினால், அந்த அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவும் சன்னலும் மூடியிருக்கையில் அதற்குக் கிடைக்கும் வழி ஹீட்டரின் புகைக்குழாய். அறைக் காற்றையே எடுத்து எரியும் வகைப் பெட்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மேலே போக வேண்டிய குழாயில் மைனஸ் டிகிரிக் காற்று கீழே இறங்கி, நேராகச் செப்புச் சுருளின் மேல் வீசும். செராமிக் ஹீட்டர் எழுப்பும் கொஞ்சநஞ்சச் சூடு அதன் முன் நிற்காது. ஆகவே மோர்மிளகாயே ஹீட்டரை உறையவைத்தது என்க.

இது விளையாட்டன்று. வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உறைவுக்காப்பு பலிக்காது என்று தயாரிப்பாளர்களே கையேடுகளில் எச்சரிக்கிறார்கள். சில வகைக் கேஸ் கருவிகள் உள்ள வீட்டில் நிமிடத்துக்கு 400 கன அடிக்கு மேல் காற்றை இழுக்கும் அடுப்பு ஃபேன் வைத்தால், ஈடாக வெளிக்காற்று வர வழி செய்ய வேண்டும் என்று அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதி சொல்கிறது. விதியை எழுதியவர்கள் மோர்மிளகாயை நேரில் அறிந்தவர்கள் அல்லர் என்றாலும் உள்ளுணர்வால் அதை எட்டியிருக்கிறார்கள்.

கோட்பாட்டுக்கு மறுப்பு எழுந்தது. பல வீடுகளில் அடுப்பு ஃபேன் நெடியை வெளியே அனுப்புவதே இல்லை, இழுத்து வடிகட்டி நம் முகத்திலேயே திருப்பி விடுகிறது என்றார் ஒருவர் (பெயர் வெளியிட விரும்பாத சித்தப்பா, ‘குரல் பதிவுகள்’, தொகுதி 3, குக்கர் விசிலுக்கு முந்தைய பகுதி, ஒப்பிடுக: அதே சித்தப்பா, விசிலுக்குப் பின், முற்றிலும் மாறான நிலைப்பாடு). நியாயமான மறுப்பு. ஆனால் அவ்வீடுகளிலும் துணி உலர்த்தும் டிரையரும் பாத்ரூம் ஃபேனும் வெளியேதான் ஊதுகின்றன. சித்தப்பா இரண்டையும் கணக்கில் எடுக்கவில்லை. அவர் துணியைக் கொடியில் காயப்போடுபவர்.

இன்னொரு மறுப்பு, கரண்ட் போன வீடுகளில் ஃபேன் எப்படிச் சுற்றும் என்பது. அங்கே கணப்படுப்பு இருந்தது. குளிர் தாங்காமல் விறகு வைத்தார்கள். தீ கொழுந்துவிட்டால் புகைபோக்கி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும், ஃபேனுக்குச் சளைக்காது. ஆக மோர்மிளகாய்க் கோட்பாட்டுக்கு மோர்மிளகாய் கூடத் தேவையில்லை என்ற நிலைக்கு அது வளர்ந்துவிட்டது. இதையே ‘கோட்பாட்டு விரிவாக்கம்’ என்பர் (இர்விங்கில் நடந்த ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கின் கோவை, அச்சில் இல்லை, வீட்டு அலமாரியில் கட்டாக உள்ளது, கட்டணம் செலுத்திய அனைவரின் கட்டுரையும் இடம்பெற்றது, கோலாலம்பூரிலிருந்து ஒருவர் ஜூமில் எட்டிப் பார்த்ததால் பன்னாட்டுக் கருத்தரங்கம் எனப்பட்டது, அவர் மைக்கை மியூட்டிலேயே வைத்திருந்ததால் அவர் கருத்து உடன்பாடாகக் கொள்ளப்படுகிறது).

ஒரு குறுக்கீடு. கணப்படுப்பு இல்லாதவர்கள் பார்பிக்யூ கரியை வீட்டுக்குள் எரித்ததும், கராஜில் காரை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்ததும் அந்த வாரம் நடந்தன. கார்பன் மோனாக்சைடால் ஆட்கள் இறந்தார்கள். அதை இக்கட்டுரையின் நடையில் எழுத முடியாது.

தடுப்பு

குழாயைச் சொட்டவிடுங்கள் என்று டிவியில் சொன்னார்கள். சொட்டவிட்டால் உறையவே உறையாது என்று பலர் நம்பினர். தண்ணீர் உறையும்போது 9 விழுக்காடு பருக்கிறது. ஆனால் பைப்பைப் பிளப்பது பெரும்பாலும் பனிக்கட்டி நேரடியாக நெட்டுவதால் அல்ல. கட்டிக்கும் மூடிய குழாய்க்கும் இடையே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறுவதால். குழாய் சொட்டினால் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். சொட்டின் முதல் வேலை அதுவே. சொட்டுக்கெல்லாம் ஹீட்டர் தீ மூட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்க. நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை காலன் ஓடினால்தான் பல பெட்டிகள் அசையும்.

பைப்புக்கு ஃபோம் உறை போடலாம். மின்சாரம் உள்ளவரை சூடேற்றும் கம்பிச் சுற்றும் உண்டு. பெட்டிக்கு ஒரு சிறு யூ.பி.எஸ். வைத்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒரு வீட்டார். அவர்களை அதுவரை எல்லோரும் கேலி செய்துவந்தார்கள்.

நிச்சயமான வழி ஒன்றே. பெட்டியைக் காலி செய்துவிடுவது. கேஸ் வால்வை மூடி, பிளக்கைப் பிடுங்கி, பச்சைத்தண்ணீர் வால்வை அடைத்து, வீட்டுக்குள் சுடுதண்ணீர்க் குழாய்களைத் திறந்து வைத்து, பெட்டிக்கு அடியில் பக்கெட் வைத்து, வடிகால் மூடிகளைத் திருக வேண்டும். குழாய் திறந்திருந்தால்தான் காற்று உள்ளே போகும், தண்ணீர் முழுசாக இறங்கும். கடைசியில், தண்ணீர் நுழையும் இடத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு வலை ஃபில்டர் இருக்கும். அதையும் கழற்றித் தனியே வைக்க வேண்டும். அதன் கண்களில் தங்கும் தண்ணீரே போதும், உறைந்து வாயை அடைத்துவிடும். கழற்றியபோது நுனியில் மணல் துகளும் வெள்ளையாகச் சுண்ணாம்பும் படிந்திருந்தால் வியப்படைய வேண்டாம். டாலஸ் தண்ணீர் அப்படி. ஜப்பானில் ஹொக்கைடோ வீடுகளில் கடுங்குளிர் இரவுகளில் குழாய்த் தண்ணீரை வடித்துவிட்டே படுக்கப் போவது வழக்கம். அதற்கென்றே வால்வு வைத்திருக்கிறார்கள். ஆய்வேடு ஏதும் எழுதாமலேயே.

உறைவு நீக்கம்: பாடபேதச் சிக்கல்

உறைந்தபின் செய்ய வேண்டியது குறித்த நம் ஒரே மூலப்பிரதி, கும்பகோணத்திலிருந்து மாமியார் ஒருவர் தொலைபேசியில் அருளிய வாக்கியம். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ‘மாப்ளே, கொதிக்கிற தண்ணிய எடுத்து மேல ஊத்துங்க’ என்பது ஒரு பாடம். ‘மேல ஊத்திக்குங்க’ என்பது மற்றது. முதல் பாடத்தைக் கொண்டால் ஹீட்டரின் மேல் ஊற்ற வேண்டும். இரண்டாவதைக் கொண்டால் ஹீட்டரை மறந்துவிட்டு, அடுப்பில் சுடவைத்துக் குளிக்கச் சொல்கிறார்.

முதல் பாடமே மூலபாடம், இரண்டாவது இடைச்செருகல் என்பது பிளேனோ மரபு. அவர்கள் ஊற்றினார்கள். கொதிதண்ணீர் மின்பலகையில் இறங்கியது. மிச்சம் சுவரில் வழிந்து உறைந்தது. ஃப்ரிஸ்கோ மரபினர் தீக்குச்சியால் கேஸ் அடுப்பை மூட்டி, தண்ணீர் காயவைத்துக் குளித்தனர். எது மூலபாடம் என்று மாமியாரையே திரும்ப அழைத்துக் கேட்கலாமே என்ற யோசனை, ஆய்வு நெறிக்குப் புறம்பானது என்று நிராகரிக்கப்பட்டது. ஆசிரியர் உயிரோடு இருக்கையில் அவர் கருத்தைக் கேட்டறிவது நம் துறையில் முறைகேடு.

மூலபாடம் எதுவானாலும், உறைந்த பெட்டியை இயக்கிப் பார்க்கக் கூடாது. கேஸையும் தண்ணீரையும் அடைத்து, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்து, ஹேர் டிரையரைப் பைப்பின் மேல் மெல்ல ஓட்ட வேண்டும். தீ கூடவே கூடாது. ஹேர் டிரையருக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் இப்பத்தி கரண்ட் வந்த பிறகு படிக்கத்தக்கது. உருகியதும் தண்ணீர் வால்வைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்து, ஒழுகுகிறதா என்று பார்த்த பின்பே கேஸ்.

வாய்மொழித் தேர்வு

அந்த வாரம் பிளம்பர் கிடைக்கவில்லை. வெளிமாநில பிளம்பர்களும் வந்து வேலை செய்யலாம் என்று டெக்சாஸ் அரசு விதியைத் தளர்த்தியது. அப்படி வந்த ஒருவரே இவ்வாய்வுக்குப் புறத்தேர்வாளர். பிளேனோ மரபைச் சேர்ந்த தகவலாளியின் வீட்டில் அவர் பெட்டியின் முகப்பைக் கழற்றினார். செப்புச் சுருளின் வளைவில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பிளவு. டார்ச் அடித்துப் பார்த்தார். மோர்மிளகாய்க் கோட்பாடு அவருக்கு விளக்கப்பட்டது, மறுப்புகளுடன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தண்ணீரை வடிச்சு வச்சிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். பிறகு தம் அறிக்கையை எழுதிக் கொடுத்தார். அது ஒரே பக்கம். மேற்கோள் எதுவும் இல்லை, தொகை மட்டும் வரி வரியாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தது.