மல்லிகா கூவுகிறாள்

ஆக்லாந்து, நியூசிலாந்து
ஏப்ரல் கடைசி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சித்தியின் கால்வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் "கோழி வளக்கியாமே, முட்டை போடுதா?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் மகள் நின்றதால் மழுப்பிவிட்டேன். முட்டையெல்லாம் ஒழுங்காகத்தான் போடுகின்றன. மல்லிகா மட்டும்தான் போடவில்லை. மல்லிகா கூவுகிறாள்.

இந்த ஊரில் வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்கத் தடை இல்லை. நகரத்துக்குள் 2000 சதுர மீட்டருக்குக் குறைந்த மனை என்றால் ஆறு கோழி வரை யாரையும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம். சேவலுக்கு மட்டும் கவுன்சிலிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். நம் ஊரில் துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் கேள்விப்பட்டிருக்கிறோம்.

பிரவுன் ஷேவர் என்று இங்கே ஒரு ஜாதி உண்டு. குஞ்சு பொரித்தவுடன் நிறத்தை வைத்தே ஆண், பெண் சொல்லிவிடலாம். என் மகளுக்கோ புசுபுசு என்றிருக்கும் ஆர்ப்பிங்டன்தான் வேண்டும். அதில் அந்த வசதி கிடையாது. விற்றவர் ஆறும் பெட்டை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். ஆறுக்கும் பூப்பேர் வைத்தாயிற்று. நீங்கள் இருந்திருந்தால் கொண்டை சிவந்த வேகத்தைப் பார்த்தே "ஏலே, இது சேவல்டா" என்றிருப்பீர்கள். மல்லிகா முதலில் கமறினாள். சளி பிடித்திருக்கிறது என்று உங்கள் மருமகள் மிளகும் மஞ்சளும் இடித்துத் தீனியில் கலந்து கொடுத்தாள். கைகண்ட மருந்து, சித்தப்பா. கமறல் நின்று முழுக் கொக்கரக்கோவே வந்துவிட்டது.

விடிந்தால்தானே கூவும், விடியாமல் பார்த்துக்கொள்வோம் என்று கராஜுக்குள் இருட்டில் அடைத்தேன். பலிக்கவில்லை. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2013-இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். விடியலே காட்டாமல் எந்நேரமும் மங்கிய வெளிச்சத்தில் வைத்தாலும் சேவலுக்கு உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறதாம். வெளிச்சம் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே ஆரம்பித்துவிடுமாம். இந்த நாட்டிலோ மனிதர்களின் கடிகாரமே நிலையாக நிற்பதில்லை. கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்த முள்ளை, ஏப்ரல் முதல் ஞாயிறு அன்று பின்னே இழுக்கிறார்கள். ஊரே ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிற நாள் அது. மல்லிகாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அதுவரை ஐந்தரைக்குக் கூவிய ஜீவன் மறுநாளே நாலரைக்குக் கூவியது. இங்கே வீடெல்லாம் பலகைச் சுவர்; அடுத்த வீட்டுக்காரர் தும்மினாலே நமக்குக் கேட்கும்.

"பஞ்சாரத்தைப் போட்டுக் கவுத்துடு" என்பீர்கள். பஞ்சாரத்துக்கு நான் எங்கே போவது? கழுத்தை நீட்டினால்தான் முழுக்குரல் வரும் என்பதால் தாழ்ந்த கூரை வைத்த பெட்டி செய்தேன், குனிந்தபடியே கூவினாள். கழுத்தில் சுற்றும் பட்டி ஒன்று விற்கிறார்கள். மகள் அதைத் தொடவே விடவில்லை. கூவும் சேவலின் காதருகே மைக் வைத்து அளந்த பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்களுக்குக் கணக்கு 100 டெசிபலைத் தாண்டியது. வாயைத் திறக்கும்போதே சேவலுக்குச் செவித்துளை தானாக அடைத்துக்கொள்ளுமாம். அதற்கு மட்டும் பாதுகாப்பு, தெருவுக்குக் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பாட்டி சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. இப்போது ஃபெய்ஜோவா பருவம். கொய்யா குடும்பத்துப் பழம். மரம் வைத்திருப்பவர்கள் பை பையாக அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துத் தீர்ப்பார்கள். எங்கள் வாசலிலும் ஒரு பை இருந்தது, உள்ளே ஒரு சீட்டு: "உங்கள் சேவல் நலமாக இருக்கிறதா? தினமும் காலையில் நினைத்துக்கொள்கிறேன்." இதற்குமேல் ஒரு மனுஷி எப்படித் திட்டுவாள்?

குழம்பு யோசனையை நீங்கள் சொல்வதற்கு முன்பே அம்மா போனில் கேட்டுவிட்டு, முருகன் கொடியில் இருப்பதை அறுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள். பண்டிகைக்குப் பண்டிகை நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கிற கை அது! பிரான்சில் மாரிஸ் என்ற சேவலின் மேல் அக்கம்பக்கத்தார் வழக்குப் போட, 2019-இல் அது ஜெயித்தது என்று என் மகன் வேறு எடுத்துக்காட்டினான். அது கிராமப்புறத் தீவு, இது ஆக்லாந்து என்றேன்.

ராவோடு ராவாகக் காட்டோரம் விட்டுவரலாம் என்று ஆபீஸில் ஒருவர் காதில் ஓதினார். இங்கிருந்து மேற்கே திதிராங்கி என்று ஒரு பகுதி. அங்கே 2019-இல் தெருவில் திரிந்த கோழிகள் ஏறக்குறைய 250. பிடித்துக் குறைத்தார்கள், 2020 ஊரடங்கில் மறுபடி முப்பதாகப் பெருகிவிட்டன. அந்தப் பக்கத்து கௌரி மரங்களுக்கு மண் வழியாக ஒரு நோய் பரவுகிறது. கோழி கிளறினால் அதுவும் சேர்ந்து பரவும். போதாததற்கு, வளர்த்த பிராணியை அநாதையாக விடுவது இந்த நாட்டில் குற்றம்.

மிச்சம் விளம்பரம்தான். டிரேட் மீ என்ற தளத்தில் சேவல்களுக்கு வரன் தேடுகிற மாதிரியே எழுதுகிறார்கள்: நல்ல குணம், குழந்தைகளோடு பழகும், விலை வேண்டாம், நல்ல இடமாக இருந்தால் போதும். பக்கம் பக்கமாக மாப்பிள்ளைகள், எடுக்கத்தான் ஆளில்லை. கடைசியில் நகரத்துக்கு வடக்கே பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர், போன சேவலை நரி தூக்கியதா என்று நான் கேட்க, "இந்த நாட்டில் நரியே இல்லை, வயதாகிச் செத்தது" என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தார். மகள் வழியெல்லாம் அழுதாள். மல்லிகா காரிலும் கூவினாள்.

இப்போது மீதி ஐந்தும் முட்டை போடுகின்றன. பாட்டிக்கு அரை டஜன் கொடுத்தோம்.

ஒரு விண்ணப்பம். டிசம்பரில் அம்மா வரும்போது பாசத்தில் பஞ்சாரம் கிஞ்சாரம் பின்னிக் கொடுத்தனுப்பிவிடாதீர்கள். மூங்கில், விதை, தின்பண்டம் எதுவானாலும் விமான நிலையத்தில் எழுதிக் காட்ட வேண்டும். காட்டாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். அம்மா கட்டாயம் காட்டமாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்