வடம் பிடித்தலும் குழு அமைத்தலும்: தேவதானத்தை முன்வைத்து ஒரு விசாரணை

குறும்படம் எடுக்கவோ, செக்கு எண்ணெய் விற்கவோ, இரண்டையும் சேர்த்தே செய்யவோ நாலு பேர் கூடினால் முதல் வேலை வாட்ஸ்அப் குழு தொடங்குவது. இரண்டாவது வேலை, அதற்குப் பெயர் வைப்பதில் சண்டை. மூன்றாம் கட்டத்தை எட்டியவர்கள் குறைவு என்பதால் அதைப் பற்றிய இலக்கியமும் குறைவு. அக்குறையைப் போக்க எழுந்ததே இந்த ஆய்வு.

ஆய்வுக்களம் தேவதானம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் வழியில், சேத்தூரைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமியும் தவம்பெற்ற நாயகியும் கோயில் கொண்ட இடம். இந்த வட்டாரத்துக்கென்றே தனியாகப் பஞ்சபூதத் தலங்கள் உண்டு. சங்கரன்கோவில் மண், தாருகாபுரம் நீர், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். சிவராத்திரிக்கு ஐந்தையும் ஒரே நாளில் சுற்றி வருகிறவர்கள் உண்டு. நிர்வாகவியல் கண்ணோடு பார்த்தால் ஐந்து ஊர், ஐந்து வேலை. எந்தத் தலமும் அடுத்த தலத்தின் பூதம் தனக்கே வேண்டுமென்று இதுவரை மனுக் கொடுத்ததில்லை. குழு அமைப்பில் இதைவிட முதிர்ந்த முன்மாதிரி கிடைப்பது அரிது.

இனி மேலைநாட்டார் கருத்து. மாக்சிமிலியன் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவன் காட்டும் பலத்தை நூறு என்று வைத்தால், எட்டுப் பேராகச் சேர்ந்து இழுக்கும்போது தலைக்கு 49தான் தேறியது. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததால் வந்த நட்டம் என்று சமாதானம் சொல்ல இடமிருந்தது. 1974இல் ஆலன் இங்காமும் கூட்டாளிகளும் அந்தச் சமாதானத்தில் ஓட்டை போட்டார்கள். ஆளின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்து, அவனை மட்டும் இழுக்க விட்டார்கள். அப்போதும் அவன் பலம் குறைந்தது. பின்னால் ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கையே கையைத் தளர்த்திவிடுகிறது. 1979இல் இன்னொரு குழு கைதட்டலிலும் கூச்சலிலும்கூட இதே குறைவைக் கண்டது. கூட்டமாகக் கத்தும்போதுகூட மனிதன் தொண்டையை மிச்சம் பிடிக்கிறான்.

இவர்கள் யாரும் தேவதானத்து வைகாசி விசாகத் தேரோட்டத்துக்கு வந்ததாகத் தெரியவில்லை. வந்திருந்தால் சோதனைக்கூடச் செலவு மிஞ்சியிருக்கும்.

வடத்தைத் தொடுவோர் மூவகையினர். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விலகுவோர் முதல் வகை. இவர்களால் தேருக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. புண்ணியம் மட்டும் உண்டு. பிடித்துக்கொண்டு கூடவே நடப்போர் இரண்டாம் வகை. இழுப்பெல்லாம் முகத்தில்தான். கழுத்து நரம்பு புடைக்கும், வடம் தொய்ந்தே கிடக்கும். மூன்றாம் வகையினர் நிஜமாகவே இழுப்பவர்கள். அன்றைக்கு இவர்களை அடையாளம் காண முடியாது. மறுநாள் உள்ளங்கையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். செல்ஃபி எடுப்போரை நான்காம் வகையாக்க வேண்டும் என்று இளைய ஆய்வாளர்கள் வாதாடலாம். ஒரு கை வடத்திலும் மறு கை போனிலும் இருப்பதால் அவர்கள் இரண்டாம் வகையின் உட்பிரிவே என்பது என் துணிபு.

அப்படியானால் தேர் நகர்வது எப்படி? இங்கேதான் ஐம்பூதக் கொள்கை உதவுகிறது.

மண் என்பது சக்கரத்தோரம் குனிந்து நிற்கும் ஆள், அதாவது சறுக்குக்கட்டை போடுகிறவர். ஊரே முன்னால் பார்க்கிறது. அவர் மட்டும் சக்கரத்தைப் பார்க்கிறார். தெருமுனை வந்தால் ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிறார். வேகம் கூடினால் அதே கட்டையால் நிறுத்துகிறார். அத்தனை பேர் ‘ஆம் ஆம்’ என்று இழுக்கும்போது ஒரு மரத்துண்டை வைத்து ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. நொடி பிசகினால் விரல் போய்விடும். அவர் இல்லாத தேர் மூலைவீட்டுத் திண்ணையில்தான் நிலைகொள்ளும். தொழிலிலும் கலையிலும் இதே ஆள் கணக்குப் பார்ப்பவராகவோ படத்தொகுப்பாளராகவோ வருவார். ‘எப்பவும் நெகட்டிவாவே பேசுறான்’ என்று குழுவிலிருந்து முதலில் நீக்கப்படுபவரும் அவர்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது. நம்முடைய தொழில்முனைவோர் பலர் இன்னும் அதற்கு ஆர்டர் கொடுக்கவில்லை.

நெருப்பு, குரல் கொடுப்பவர். எல்லாரையும் ஒரே நொடியில் இழுக்க வைக்கிறவர் அவர்தான். ரிங்கெல்மன் கண்ட நட்டத்தில் ஒரு பங்கை வெறும் தொண்டையால் மீட்டுவிடுகிறார். நீர், நீர்மோர்ப் பந்தல், விளக்கம் தேவையில்லை. காற்று, மைக் பிடிப்பவர். காணாமல் போன பிள்ளையையும் உபயதாரர் பெயரையும் ஒரே மூச்சில் வாசிப்பார்.

ஆகாயத்தைப் பற்றி அறிஞர்கள் இதுவரை மௌனம் சாதித்திருக்கிறார்கள். தேவதானமே ஆகாயத் தலம் என்பதால் இங்கே மௌனம் தகாது. ஆகாயம் என்பவர் மின்வாரிய லைன்மேன். அவர் வடத்தைத் தொடுவதே இல்லை. தேர் கிளம்புமுன் மின்சாரத்தை நிறுத்தி, தேர் வீதியின் குறுக்கே போகும் கம்பிகளை அவிழ்த்து, தேர் நிலைக்கு வந்தபிறகு திரும்பக் கட்டிவிட்டுப் போவார். அவர் எதையும் நகர்த்துவதில்லை. நகர்வதற்கு இடம் விடுகிறார், அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் கேலிக்கு வேலையில்லை. குறும்படக் குழுவில் ஆகாயம் யாரென்றால், படப்பிடிப்பு நடக்கும் வீட்டின் தாத்தாவை இரண்டு நாள் குற்றாலத்துக்கு அனுப்பிவைக்கிற ஆள். டைட்டிலில் அவர் பெயர் ‘நன்றி’ என்ற தலைப்பில் பொடி எழுத்தில் ஓடும்.

ஐந்து பேரும் கெட்டிக்காரர்களாக இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். மெரடித் பெல்பின் என்ற இங்கிலாந்துக்காரர் மேலாளர்களைக் குழு குழுவாகப் பிரித்து வணிக விளையாட்டு ஆடவிட்டு, 1981இல் அதைப் புத்தகமாக்கினார். மகா புத்திசாலிகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்த குழுக்களுக்கு அப்பல்லோ என்று பெயர். அவை பெரும்பாலும் தோற்றன. ஒவ்வொருவரும் அடுத்தவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடித்தார்கள், யாரும் வேலையைக் கண்டுபிடிக்கவில்லை. தேர் மொழியில் சொன்னால் ஐந்தும் நெருப்பு.

இந்தக் கொள்கையைக் களத்தில் சோதிக்க வட்டாரத்து இளைஞர் குழு ஒன்று கிடைத்தது. ஒன்பது பேர், அதில் நாலு பேர் இயக்குநர்கள். ஐம்பூதங்களையும் விளக்கிவிட்டு, யாருக்கு எது என்று கேட்டேன். நெருப்புக்கு ஆறு கைகள் தூக்கப்பட்டன. காற்றுக்கு இரண்டு. கடைசி ஆள் கொஞ்சம் யோசித்து, “அண்ணே, அந்த மோர்ப் பந்தல நான் பாத்துக்கிடுதேன்” என்றான். லைன்மேன் வேலையை, மறுநாள் வராதவன் தலையில் கட்டுவதென்று முடிவாயிற்று.

“கட்டை போட ஆள் வேணுமேப்பா?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு இயக்குநர்களில் மூத்தவன் சொன்னான்: “அதுக்கு எங்க அம்மா போதும்ணே. எதச் சொன்னாலும் வேண்டாம்னுதான் சொல்லும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுத் திண்ணையில் கூட்டம். அந்த அம்மா கீரை ஆய்ந்தபடியே கதையை முழுக்கக் கேட்டார். முடிந்ததும், “பத்து நிமிசப் படத்துக்கு எதுக்குலே நாலு பாட்டு?” என்றார். மூன்று பாட்டு போயிற்று. மிஞ்சிய ஒன்று எங்கே வருகிறது என்று விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.