ஏரி இருக்கிறது, படகு எங்கே?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் பாய்மரப் படகுப் போட்டிக்குப் போகணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நாங்கள் இருப்பதோ நெமிலிச்சேரி. கடல் எங்கே, நாங்கள் எங்கே? (ஒரு தாய், நெமிலிச்சேரி)

மத்தியப் பிரதேசத்தைவிட உங்களுக்குக் கடல் பக்கம்தான். அங்கே தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள் நேஹா தாக்கூர், போபால் பெரிய ஏரியில் பழகினார். 17 வயதில், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஐ.எல்.சி.ஏ-4 படகுப் பிரிவில் வெள்ளி வென்றார். உங்கள் மகளுக்கு வாசலிலேயே மின்சார ரயில். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே துறைமுகம். 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அதற்குள்தான் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடைப் பயிற்சி பற்றி முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: நம் ஊர்ப் பெண்கள் யாராவது இதில் பெயர் வாங்கியிருக்கிறார்களா? (கல்லூரி மாணவி, ஆவடி)

சென்னைப் பெண் நேத்ரா குமணன். அந்தச் சங்கத்தின் கோடை முகாமில்தான் சிறுமியாகத் தொடங்கினார். 2020 ஜனவரியில் மயாமி உலகக் கோப்பைத் தொடரில் வெண்கலம். இந்தியப் பெண் ஒருவர் அங்கே பதக்கம் வாங்கியது அதுவே முதல்முறை. 2021 ஏப்ரலில் ஓமனில் நடந்த தகுதிப் போட்டி வழியாக டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தேர்வானார். பாய்மரப் படகில் ஒலிம்பிக் போன முதல் இந்தியப் பெண் அவர்தான். அங்கே 44 பேரில் 35-வது இடம். மூன்று வருடம் கழித்து பாரிஸில் 21-வது இடம். பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த 14 படிகள் கண்ணில் படாது. எனக்கு அந்த ஏற்றம்தான் பெரிய செய்தி.

இன்னொருவர் வர்ஷா கௌதம். 2014 ஆசிய விளையாட்டில் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனோடு வெண்கலம், 2018-இல் ஸ்வேதா ஷெர்வேகரோடு வெள்ளி. இந்தப் பெயர்களை நம் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே சொல்ல வேண்டும்.

கேள்வி: வெயிலில் பெண் கறுத்துப்போவாளே? (ஒரு பாட்டி, பட்டாபிராம்)

கறுக்கட்டும், பாட்டி. நீச்சல் தெரிகிறதா, லைஃப் ஜாக்கெட் மாட்டினாளா, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: காற்றுதானே படகைத் தள்ளுகிறது? அதில் என்ன உடல் உழைப்பு? (உடற்பயிற்சி ஆசிரியர், அம்பத்தூர்)

எதிர்க்காற்றில் படகு நேராகப் போகாது; மாறி மாறிக் குறுக்கே ஓட்டித்தான் முன்னேற வேண்டும். காற்று படகைச் சாய்க்கும். கவிழாமலிருக்க, காலை உள்ளே பட்டையில் கோர்த்துக்கொண்டு மேலுடம்பை விளிம்புக்கு வெளியே தொங்கவிட வேண்டும், பல நிமிடங்கள். தொடையும் வயிறும் எரியும். நேத்ரா ஓட்டும் ஐ.எல்.சி.ஏ-6 படகை ஓட்டுபவருக்குப் பொதுவாக 60 முதல் 70 கிலோ எடை வேண்டும் என்பார்கள். இளைத்திருந்தால்தான் அழகு என்று வளர்க்கப்பட்ட பெண்ணிடம், நன்றாகச் சாப்பிட்டு வலுவேற்றிக்கொள் என்று சொல்லும் விளையாட்டு இது.

கேள்வி: ஆணும் பெண்ணும் ஒரே படகில் போட்டியிடுவது புதுசா? (பூந்தமல்லி வாசகர்)

பழசு. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் கணவரோடு ஒரே படகில் வென்ற எலென் த பூர்த்தலேஸ்தான் ஒலிம்பிக்கின் முதல் பெண் சாம்பியன். ஆனால் பெண்களுக்கென்று தனிப் பிரிவு வர 1988 சியோல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 பாரிஸில்தான் இந்த விளையாட்டில் ஆண் பெண் பிரிவுகளின் எண்ணிக்கை சமமானது. முதலில் கதவைத் திறந்த விளையாட்டு, முழுதாகத் திறக்க நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், இது பணக்காரர் விளையாட்டுதானே? (ஆட்டோ ஓட்டுநர், திருநின்றவூர்)

இன்றைக்கு ஆமாம். புதுப் படகின் விலை லட்சங்களில். மேலே போகப் போக வெளிநாட்டுப் பயிற்சி. நேத்ரா ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவுக்குப் போய்ப் பழகினார். ஆனால் தொடக்கத்தில் சொந்தப் படகு தேவையில்லை. ஹைதராபாத் யாட் கிளப் உசேன் சாகர் ஏரியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைப் படகேற்றித் தேசியப் போட்டிகளுக்கு அனுப்புகிறது. போபாலில் அரசே அகாடமி நடத்துகிறது. நம் பிள்ளைகளிடம் இல்லாதது படகு மட்டும்தான்.

கேள்வி: நம் பக்கத்து ஏரிகளில் விடலாமே? குடிநீர் ஏரி என்று தடுப்பார்களோ? (அதே ஆட்டோ ஓட்டுநர்)

போபால் பெரிய ஏரியும் அந்த நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிதான். பாய்மரப் படகுக்கு இன்ஜின் கிடையாது, புகையும் கிடையாது. பாதுகாப்புக்காகக் கூட வரும் இன்ஜின் படகை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி சுற்றிலும் ஏரிகள் உண்டு. அவற்றில் தண்ணீர் நிற்கும் ஒன்றில் அரசு பத்து சிறு படகுகளும் ஒரு பயிற்சியாளரும் தரட்டும். சேர்க்கையில் பாதி இடத்தை அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒதுக்கட்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு இதை நான் எழுதுகிறேன். நீங்களும், நெமிலிச்சேரி அம்மாவும், ஆவடி மாணவியும் ஆளுக்கொரு கடிதம் போடுங்கள்.