ஏரியைப் பற்றி இரண்டு நிமிடம்

"ஐ ஆம் கோயிங் டு தி டோர்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் வாத்தியார் நடப்பார். நாங்களும் கோரஸாகச் சொல்வோம். "ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்" என்னும்போதுதான் சிக்கல். அது கீற்றுக் கொட்டகை, கதவு கிடையாது. வாத்தியார் காற்றில் தாழ்ப்பாளை நீக்கி, காற்றில் கதவைத் திறப்பார். எதிரே ஏரிக்கரை தெரியும். ஏரியில் தண்ணீர், தண்ணீரில் கொக்கு, கரையில் மாடு. அதற்கெல்லாம் ஆங்கிலம் அவசியம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. இது எழுபதுகளில், ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில்.

இந்தக் கதவு வித்தைக்குப் பெரிய பூர்வீகம் உண்டு என்பது, நானே ஆங்கில ஆசிரியரான பிறகுதான் தெரியவந்தது. ஐம்பதுகளின் இறுதியில் சென்னை மாநிலத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி அளிக்கத் திட்டம் போட்டார்கள். முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் ஊருக்கே. உருட்ட உருட்டப் பெருக்கும் என்பதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர். கத்திரி வெயில் ஊரில் பனி உருண்டை. உருண்டு உருண்டு எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது என்ன மிச்சம் இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பில் கட்டுரை. 'ஒரு லட்சிய கிராமம்' என்று ஒன்றை நோட்ஸிலிருந்து நெட்டுரு போட்டோம். அந்தக் கிராமத்தில் நூலகம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, தெருவுக்குத் தெரு விளக்கு இருந்தது. ஏரி மட்டும் இல்லை. ஏரி மாவட்டம் என்றே பேர் வாங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில், அந்த வருஷம் பரீட்சை எழுதியவர்களில் எத்தனை ஆயிரம் பேர் அந்த ஏரியில்லாத ஒரே கிராமத்தில் குடியிருந்தோமோ!

1979 முதல் 1984 வரை, இந்த ஒப்பிப்புக்கு மாற்றாக, பெங்களூர் திட்டம் என்ற பெயரில் என். எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் ஒரு சோதனை செய்தார். வாக்கியத்தை ஒப்பிக்க விடாதே. வரைபடத்தையும் ரயில் அட்டவணையையும் கையில் கொடு. பிள்ளை விஷயத்தில் மூழ்கினால் மொழி தானாக வரும் என்பது அவர் கட்சி. சென்னையிலும் சில பள்ளிகளில் நடந்தது. உலகமெங்கும் ஆங்கில வாத்தியார்கள் அவர் பேரைச் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் அந்தக் காற்று வீசவில்லை. நானும் முப்பது வருஷம் நெட்டுருவைத்தான் விற்றேன். தேர்ச்சி விகிதம் கேட்ட அதிகாரிகளுக்கு அதுவே பிடித்திருந்தது.

அதற்குள் ஊர் மாறிவிட்டது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006ல் நோக்கியா, 2010ல் ஒரகடத்தில் ரெனோ நிசான். நோக்கியா 2014ல் கதவைச் சாத்தியதும் நடந்தது. அது நிஜக் கதவு. இப்போது ஸ்ரீபெரும்புதூரில் பெயர்ப்பலகைகள் கொரிய மொழியிலும் பேசுகின்றன. பலகை படிக்கத் தெரியாமல் சொந்த ஊரில் நிற்கிற பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. ரிட்டயர்டு வாத்தியார் என்பதால் கூப்பிடுவார்கள், போய் உட்காருவேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வருகிற பிள்ளைகள். ஹாஸ்டல் பெண்கள் விழுப்புரம், திருநெல்வேலிப் பக்கம். பையன்களில் உள்ளூர் ஆட்களும் உண்டு. டிரெயினர் கெட்டிக்கார இளைஞர். பாடப்புத்தகமே கிடையாது. 'நம் ஊர், நம் பண்பாடு, நம் சுற்றுச்சூழல்' இதில் எதையாவது பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். பிரபு கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பண்பாடு என்றால் முதலில் ராமானுஜர் வருவார். உள்ளூர்க்காரர் ஆயிற்றே, 1017ல் ஸ்ரீபெரும்புதூரில்தான் பிறந்தார். அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்த திருமேனி என்பதால் குளிர்காலத்தில் கம்பளி போர்த்துவார்கள், வெந்நீரில் திருமஞ்சனம் என்று ஒரு பெண் அழகாகச் சொன்னாள். அடுத்து உத்திரமேரூர். குடவோலை, பராந்தகச் சோழன், பத்தாம் நூற்றாண்டிலேயே தேர்தல் என்று மூச்சுவிடாமல் வரும். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "லீடர்ஸ் சார்" என்றான் ஒருவன். அந்தத் தேர்தலைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒன்று இருக்கிறது. மதகு, கரை, தூர் இவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றும்தான் அந்தக் குடத்துக்குள் ஓலை போட்டார்கள். இரண்டு நிமிடத்தில் அதற்கு இடம் இருப்பதில்லை.

சுற்றுச்சூழல் என்றால் பிளாஸ்டிக் பை, மரக்கன்று. ஜூன் 5 அன்று தொழிற்சாலை வாசலில் நட்ட வேம்பு. வெளியே சிங்கப்பெருமாள்கோயில் ரோட்டில் டிரெய்லர் லாரி வரிசை கட்டி நிற்கும். அது தலைப்பில் வராது.

சுற்றுச்சூழல் பேசி நிஜமாகவே ஆங்கிலம் கற்றவர்களை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கல்குவாரிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006ம் வருஷத்து சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கைப்படி ஒரு மாதம் முன்னாலேயே விளம்பரம் வர வேண்டும், தாக்க அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும். சுருக்கத்தைத்தான். முழு அறிக்கை கொழுத்த ஆங்கிலத்தில். அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் தொழிற்சாலை என்றால் இந்தக் கூட்டமும் கிடையாது. அதனால் எங்கள் தொழிற்சாலைக் காரிடாரில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அறிக்கையைப் படித்துச் சொல்லச் சொல்லி என் பழைய மாணவன் ஒருவன் கொண்டுவந்தான். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் கோட்டை விட்டவன். இப்போது டிராக்டர் ஓட்டுகிறான். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அவனே ஆரம்பித்துவிட்டான். தூசிக்கு நேரே 'நெக்லிஜிபிள்', சத்தத்துக்கு நேரே 'டெம்பரரி', வெடி அதிர்வுக்கு நேரே 'லோக்கலைஸ்டு'. "எல்லா பக்கத்துலயும் இதே மூணு வார்த்தைதான் சார், மனப்பாடம் ஆயிடுச்சி" என்றான். தாவரப் பட்டியலில் 'புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா' என்றிருந்ததை வேலிக்காத்தான்தான் என்று கண்டுபிடித்திருந்தான். பறவைப் பட்டியலில் அவன் ஏரிக்கு வருகிற பாதிப் பறவைகளைக் காணோம் என்று பக்க எண்ணோடு குறித்து வைத்திருந்தான். கூட்டத்தில் எழுந்து, ஆங்கிலமும் தமிழுமாக, எந்த மாசத்தில் ஏரியைப் பார்த்துக் கணக்கெடுத்தீர்கள் என்று கேட்டான். கோடையில் வந்து எண்ணியிருக்கிறார்கள், ஏரி வறண்டபோது. மேடையில் கொஞ்சநேரம் தாளைப் புரட்டுகிற சத்தம்தான். நான் நடத்திய எந்த வாய்மொழித் தேர்விலும் அப்படி ஒரு பதில் வந்ததில்லை.

2020ல் புதிய சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவன் அதற்குக் காத்திருக்கவில்லை. போனில் அகராதியை வைத்துக்கொண்டு பாதி படித்துவிட்டு, மீதிக்கு என்னிடம் வந்தான்.

மாடி வகுப்புக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் உள்ளூர்ப் பையன் ஒருவன் தன் ஏரியைப் பற்றிப் பேசினான். வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டது, 2015 டிசம்பரில் மணிமங்கலம், ஆதனூர் ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றில் போன தண்ணீர் வரதராஜபுரத்தை எப்படி மூழ்கடித்தது, இப்போது தண்ணீர் என்ன நிறம் என்று திக்கித் திக்கிச் சொன்னான். இலக்கணம் நொண்டியது, ஒருவரும் போனைப் பார்க்கவில்லை. டிரெயினர் கைதட்டிவிட்டு, "கன்டென்ட் குட். பட் இன்டர்வியூல நெகட்டிவா போகாதீங்க பிரதர். பாசிட்டிவா ஒரு டாபிக் எடுங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. வேலை கொடுக்கிறவனிடம் போய் ஏரியின் நிறத்தைச் சொன்னால் யார் சேர்த்துக்கொள்வார்கள்?

அடுத்த வாரம் அதே பையன் மாட்டுப் பொங்கலை எடுத்துக்கொண்டான். கொம்புக்கு வர்ணம் பூசுகிறோம், கழுத்தில் மாலை போடுகிறோம், பொங்கல் ஊட்டுகிறோம் என்று பிசிறில்லாமல் இரண்டு நிமிடம். டிரெயினர் பத்துக்குப் பத்து போட்டார். படியிறங்கும்போது தோளில் தட்டி, எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க சார், மேய்க்கால் நிலம் போனதுமே தாத்தா வித்துட்டாரு. இது யூடியூப்ல பார்த்து மனப்பாடம் பண்ணது."